மரியாதைக்கு இரண்டு கிலோபைட்

1

போன செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசி என்னை ‘நீ’ என்றது.

புதிய பதிப்பு ஏறியிருந்தது. “உன் படங்களை ஒழுங்குபடுத்தட்டுமா?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டது. எனக்கு எழுபது வயது. என் மருமகன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவனுக்கும் எனக்கும் ஆகாது என்றபோதும். புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் என் பழைய முதலாளி ஹோல்கர் வந்துவிட்டான். (வந்துவிட்டார்? இதை இப்போதே முடிவுசெய்யச் சொல்லாதீர்கள். தற்காலிகமாக ‘அவர்’ என்றே போட்டுக்கொண்டு போகிறேன்.) கடிதம் அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் படிப்பது அதன் மிச்சம்.

ஜெர்மன் மொழியில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள். ஒன்று நம்முடைய ‘நீ’ மாதிரி, மற்றது ‘நீங்கள்’ மாதிரி. நல்லவேளை, நான் ஆங்கிலத்தில் எழுதவில்லை. அங்கே அரசிக்கும் நாய்க்கும் ஒரே சொல். இந்தக் கதை முதல் பத்தியிலேயே செத்திருக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “1990 பெப்ரவரி. ஓல்டன்புர்க் நகரில் மழை பெய்துகொண்டிரு

நிறுத்திவிட்டேன். ஓல்டன்புர்க்கில் மழை பெய்தது என்பது செய்தியே அல்ல.

இரண்டாவது முயற்சி: “மனிதன் மேசையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அதன்மேல் குப்பை சேர்க்கும் பழக்கமும்

இது கட்டுரை. கட்டுரைக்கு ஆள் வேண்டாம். எனக்கு மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில், படம் காட்டும் கணினி வீடுகளுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முடுக்கினால் திரையில் பச்சை நிறத்தில் ஒரு மேசை தெரியும். பெயர்தான் மேசை. அதன்மேல் ஒரு கோப்பைக்கூட வைக்க முடியாது. நாலு சாளரங்களுக்கு மேல் திறக்காது. மூலையில் ஒரு குப்பைத்தொட்டி. அதில் விழுந்தது விழுந்ததுதான், திரும்பி வராது. இந்த மேசையைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் நல்ல மேசை ஒன்றைப் போடும் மென்பொருளை இரண்டு பேர், ஒரு மிதிவண்டிக் கடையின் மாடியில் இருந்து செய்தார்கள். அதன் பெயர் ‘லாடே’. எங்கள் யாழ்ப்பாணத்தில் லாச்சி என்போமே, மேசை இழுப்பறை, அதுதான்.*

ஹோல்கர் டீட்மான், இருபத்தொன்பது வயது, நிரல் எழுதியவர். திருமதி ரோஸ்வீதா கிளாகெஸ், நாற்பத்தெட்டு, திரையில் தோன்றும் கேள்விப் பெட்டிகளின் வசனங்களை எழுதியவர். ஆளுக்குப் பாதி உரிமை. அப்போதைக்கு ஆறு வருடங்களாக ஒரே அறையில், ஒரே சூடாக்கிக்கு முன்னால் இருந்து வேலை செய்துவந்தார்கள். ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் நான், தில்லையம்பலம். கோப்புகளைத் திறந்து, மூடி, எறிந்து, பிழை பிடிப்பது என் வேலை. ரோமன் எழுத்து எட்டுக்கு மேல் அந்தக் கணினி பெயரை ஏற்காது. அதனால் என் கோப்பின் பெயர் தில்லைய். ஹோல்கர் அதையும் குறுக்கித் தில்லி என்றார். திருமதி கிளாகெஸ் மட்டும் ஓர் எழுத்தும் சிந்தாமல் முழுப்பெயரையும் சொல்வார், படி ஏறுகிறவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

(* லாச்சி எங்களுக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். லாடேக்குச் சொந்தக்காரச் சொல்தான். இதை ஹோல்கரிடம் சொன்னபோது, “அப்ப நாங்கள் சொந்தக்காரர்” என்றார். இந்த அடிக்குறிப்பை மறந்துவிடாதீர்கள்.)

3

அதற்கு முன் ஒரு கண்ணாடிச் சாளரம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியில் தங்கும் என் அனுமதிக் கடுதாசிக்காக ஐந்து வருடங்கள் அதன்முன் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நிற்கும் உள்ளூர்க்காரரிடம் அந்த மனிதர், “தயவுசெய்து இருங்கோ, இதில கையெழுத்து வையுங்கோ” என்பார், ஜெர்மன் மொழியில்தான்; தமிழ் என்னுடையது. அடுத்தது நான். “இரு. வை.” குரலில் கோபம்கூட இருக்காது. அதுதான் சுட்டது.

லாடேயில் என் முதல் நாள். ஒரு கோப்பை இழுத்துத் தொட்டியில் போட்டேன். பெட்டி ஒன்று எழுந்தது:

‘நீங்கள் இந்தக் கோப்பை நிஜமாகவே அழிக்க விரும்புகிறீர்களா?’

‘இல்லை’ என்று அமத்தினேன். மறுபடி இழுத்துப் போட்டேன். மறுபடி கேட்டது. மறுபடி இல்லை. திருமதி கிளாகெஸ் தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

“என்ன, பிழை வருதோ? பதினொரு தரம் இல்லை எண்டு அமத்திப்போட்டியள்.”

“பிழை இல்லை. திரும்பக் கேக்கட்டும் எண்டுதான்.”

“என்னத்தை?”

“என்னை நீங்கள் எண்டு கூப்பிடுது.”

அந்த ஊர் வழக்கப்படி தேநீரில் போட்ட கற்கண்டு, அவர் கோப்பையின் அடியில் வெடிக்கிற சத்தம் கேட்டது.

“பின்னை எப்பிடிக் கூப்பிடுறதாம்?” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை. அந்த நாட்டில் என்னை முதன்முதலில் மதித்துக் கேள்வி கேட்டது ஒரு குப்பைத்தொட்டி.

4

ஹோல்கர் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் தட்டுக் கழுவிய உணவகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். சாப்பிட்ட தட்டைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“முந்தி என்ன வேலை செய்தனி?”

“கச்சேரியில. கோப்புப் பிரிவு.”

“எத்தினை கோப்பு?” (கச்சேரி என்பது எங்கள் ஊரில் மாவட்ட அரசாங்க அலுவலகம்.)

“நாப்பதாயிரம்.”

“ஒண்டு துலைஞ்சா?”

“துலையாது. பிழையான லாச்சிக்குள்ள இருக்கும்.”

“நாளைக்கு வா. உன்னை மாதிரி ஆளைத்தான் தேடுறன்.”

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். திமிர் பிடித்த வெள்ளைக்காரன், கைநீட்டிக் கூப்பிடுகிறான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதரின் தம்பி. ஆனால் பொறுங்கள். ஜெர்மன் மொழிக்கு இரண்டு படிதான், யாழ்ப்பாணத்துக்கு மூன்று. நீ, நீர், நீங்கள். ‘நீர்’ என்பது சமமானவரை, கூட்டாளியை, என் மனைவி என்னை, நான் அவளைக் கூப்பிடுவது. இப்போது அதையே மாற்றி எழுதுகிறேன். ஹோல்கர் சொன்ன ஜெர்மன் வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“முந்தி என்ன வேலை செய்தனீர்?”

“கச்சேரியில. கோப்புப் பிரிவு.”

“நாளைக்கு வாரும். உம்மை மாதிரி ஆளைத்தான் தேடுறன்.”

பார்த்தீர்களா, வேறு மனிதர். இவரோடு சேர்ந்து தட்டுக் கழுவலாம்.

இரண்டில் எது ஹோல்கர்? அப்போதைக்கு ஒரு வருடம் அவர் பக்கத்திலேயே வேலை செய்திருந்தேன். தெரியவில்லை. தபால்காரரை ‘நீங்கள்’ என்றார். கீழே மிதிவண்டிக்குக் காற்றடிப்பவரை ‘நீங்கள்’ என்றார். அந்தக் கட்டடத்தில் மற்றச் சொல் எனக்கு மட்டும்தான் கிடைத்தது. நான் அவரைத் திரும்ப ‘நீங்கள்’ என்றேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தானா, அல்லது இரண்டாவது கண்ணாடிச் சாளரம் இருந்ததா என்பது இந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

5

இனிச் சம்பவம். வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹனோவர் கண்காட்சிக்கு இரண்டாம் பதிப்பு போகவேண்டும். திங்கட்கிழமை நானூறு வட்டுகளில் பிரதி எடுக்கத் தொடங்கவேண்டும். வட்டில் இடம் போதவில்லை.

“முன்னூற்றுப் பன்னிரண்டு பெட்டி,” என்றார் ஹோல்கர். “ஒவ்வொண்டிலயும் நீங்கள், தயவுசெய்து, விரும்புகிறீர்களா. எண்ணிப் பாத்தனான். மரியாதைக்கு மட்டும் இரண்டு கிலோபைட் போகுது. எல்லாத்தையும் ‘நீ’ எண்டு மாத்தினா வட்டு கொள்ளும்.”

“உங்கட முகப்புப் படத்தை வெட்டுங்கோ. அப்பவும் கொள்ளும்.”

முகப்புப் படம் என்பது, முடுக்கியதும் ஒரு மர லாச்சி கிறீச்சிட்டுத் திறந்து, உள்ளிருந்து ஹோல்கரின் பெயர் எழும்பும் காட்சி.

“அது மூண்டு கிழமை வேலை, திருமதி கிளாகெஸ்!”

“என்ர ‘நீங்கள்’ ஆறு வருச வேலை, திரு. டீட்மான்.”

“கணினிக்கு முன்னால இருக்கிறது இளம் ஆக்கள். நீங்கள் எண்டா வங்கிக் கடுதாசி மாதிரி இருக்கும். கணினி ஒரு சிநேகிதன்.”

“முன்பின் தெரியாத சிநேகிதன் ஒராள் என்ர குப்பைத்தொட்டியைக் கிண்டி, ‘இதை எறியப் போறியோ’ எண்டு கேட்டா, நான் பொலிசைக் கூப்பிடுவன்.”

நான் இடையில் புகுந்தேன். புகுந்திருக்கக் கூடாது. “ஒருத்தரையும் கூப்பிடாமல், வெறுமனே ‘அழிக்கவோ?’ எண்டு கேட்டால் என்ன?”

“ஆரிட்டக் கேக்குது அது, சுவரிட்டயோ?” என்றார் திருமதி கிளாகெஸ். ஹோல்கரும் தலையாட்டினார். அந்த ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒருதரம்தான்.*

“வசனத்தை மாத்தினா என்ர வசனம் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போயிடுவன்,” என்றார் திருமதி கிளாகெஸ்.

“அப்ப தில்லி சொல்லட்டும்,” என்றார் ஹோல்கர். என் வாக்கு தன் சட்டைப்பையில் இருக்கிறது என்ற நிச்சயத்தோடு நாற்காலியைச் சாய்த்தார்.

அந்த வேலை இருந்தால்தான் என் கடுதாசியும் இருக்கும்.

“எனக்கு முப்பத்தாறு வயசு,” என்றேன்.

“தெரியும். பிறந்தநாளுக்குக் கேக் வாங்கினது ஆர்?”

“உங்களுக்கு இருபத்தொம்பது.”

திருமதி கிளாகெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “நானும் ஒரு வருசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எங்கட வழக்கப்படி ‘நீ எண்டு கூப்பிடலாம்’ எண்டு அந்தச் சொல்லை மூத்தவர்தான் குடுக்கிறது. திரு. தில்லையம்பலம் உங்களுக்குக் குடுக்கேல்லை. நீங்கள் எடுத்திட்டியள்.”

ஹோல்கரின் காது சிவந்தது. நாற்காலி நாலு காலுக்கும் வந்தது.

“கடுதாசி அலுவலகத்திலயும் ஒராள் இருக்கிறார்,” என்றேன். “அவரும் கேக்காமல்தான் கூப்பிடுறார். பெட்டியில நீங்கள் எண்டே இருக்கட்டும். அதில எண்டாலும் இருக்கட்டும்.”

(* இன்றைக்கு எல்லாப் பெட்டிகளும் சுவரிடம்தான் கேட்கின்றன, அல்லது என்னை நீ என்கின்றன. நான் அன்றைக்கே காப்புரிமை வாங்கியிருக்கவேண்டும்.)

6

முடிவு அ. ஹோல்கர் எழுந்து, கைகொடுத்து, “மன்னியுங்கோ, திரு. தில்லையம்பலம்” என்கிறார். மூவரும் சேர்ந்து கீரையும் சொசேஜும் சாப்பிடுகிறார்கள். ஞாயிறு மத்தியானத் தொலைக்காட்சி நாடகம். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ. என்னை வேலையால் நிறுத்துகிறார்கள். மழையில் நடக்கிறேன். இந்த அகதிக் கதைக்கு இங்கே பதிப்பாளர் உடனே கிடைப்பார். அட்டையில் முள்கம்பி போடுவார்கள். இதுவும் நடக்கவில்லை.

நடந்தது இது. ஹோல்கர் கணினிப் பக்கம் திரும்பினார். முகப்புப் படத்தின் கோப்பை இழுத்தார். தொட்டியில் போட்டார். திருமதி கிளாகெஸின் பெட்டி எழுந்து அவரைக் கேட்டது: ‘நீங்கள் இந்தக் கோப்பை நிஜமாகவே அழிக்க விரும்புகிறீர்களா?’

கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கிழமை வேலை. ‘ஆம்’ என்று அமத்தினார். பிறகு ஹோல்கர் எழுந்தான். (இருக்கட்டும். திருத்தவில்லை.) யாரும் தொட அனுமதியில்லாத திருமதி கிளாகெஸின் கேத்தலை எடுத்து, தண்ணீர் பிடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு ஒரு வசனம் சொன்னான். அதே பழைய சொல்லில்தான் சொன்னான். மாற்றவில்லை. தேநீர் ஊற்றிக் கரண்டியால் கலக்கி வேறு தந்தான். அந்த ஊரில் கற்கண்டுத் தேநீரைக் கலக்குவது பெரிய குற்றம். திருமதி கிளாகெஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஹனோவரில் வந்தவர்களிடம் என்னை “எங்கட தமிழன்” என்று அறிமுகம் செய்ததும் அவன்தான். “லாடேயில ஒண்டும் துலையாததுக்கு இவர்தான் காரணம்” என்றதும் அவன்தான். இரண்டும் ஒரே மூச்சில்.

ஆறு வருடம் கழித்துக் கணினிகள் நல்ல மேசையோடேயே வரத் தொடங்கின. எங்கள் கடை மூடியது. திருமதி கிளாகெஸ் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எனக்கு அட்டை அனுப்புகிறார், முழுப்பெயரோடு, ‘நீங்கள்’ என்று. ஹோல்கர் எங்கே என்று தெரியாது. நான் ஒருநாளும் அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. மூத்தவன் நான், கொடுத்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

உங்களை இவ்வளவு நேரமும் ‘நீங்கள்’ என்றேன். உங்கள் வயது தெரியாது. அநேகமாக நான்தான் மூத்தவன். இந்தமுறை தவறவிட மாட்டேன், கேட்டுவிட்டு அந்தச் சொல்லை, எங்கள் ‘நீர்’ஐ, உங்களுக்குக் கொடுக்கிறேன். சரிதானே?

அப்படியானால், பேனையை எடும். அன்றைக்குக் கேத்தலுக்கு முன்னால் நின்று ஹோல்கர் சொன்ன வசனம் கீழே இருக்கிறது. வெற்றிடமாக விட்ட இடத்தில் ஒரு ‘ம்’ போடலாம், போடாமலும் விடலாம். போட்டால் எனக்கு அங்கே ஒரு சிநேகிதன் இருந்தான். முப்பத்துநாலு வருடமாக என்னால் முடியவில்லை. ஒரே ஓர் எழுத்துத்தான், வட்டில் இடம் இருக்கிறது. நீரே பார்த்துச் செய்யும்.

“இரு__. தேத்தண்ணி போடுறன்.”