அருகுப் பக்கம்

அக்டோபர் 14, செவ்வாய்

முன்சக்கரங்களின் உள்திருப்பத்தை நேற்று இரண்டு மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறேன். தவறு. ஒன்றரைதான். அளவு டேப்பைத் தூண்டில் நரம்பில் வைக்காமல் அதன் முடிச்சில் வைத்துப் படித்துவிட்டேன். நேற்றைய பக்கத்தை அடித்துத் திருத்தவில்லை. அடித்த எண்களைப் பிறகு நான் நம்புவதில்லை.

முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் கொஞ்சம் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அதை அளக்க, காரின் இருபுறமும் ஜாக்கி ஸ்டாண்டுகளை நிறுத்தி, சக்கரத்தின் மையத்து உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் தம்பி ரூஃபஸின் எடைக்குச் சமமாகத் தோட்டமண் மூட்டைகள். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது மூடுபனி உள்ளே வந்து நரம்பில் துளித்துளியாகக் கோத்துக்கொண்டது. காரைக் காணவில்லை; ஒளிரும் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஏதோ தூங்குவதுபோல் இருந்தது. அளக்க வந்தவள் கொஞ்ச நேரம் அளக்காமல் நின்றேன்.

பெட்டிகளில் வந்த உதிரிகளிலிருந்து நானும் ரூஃபஸும் மூன்று வருடமாகக் கட்டிய கார் இது. வெள்ளிக்கிழமை அரசாங்கச் சோதனை. அதில் தேறி, பதிவாகி, எண் பலகை வரும்வரை கார் சாலையில் ஓடக்கூடாது. ஒரே விலக்கு, குறித்த நாளில் சோதனைக்குப் போய்த் திரும்பும் வழி. ரூஃபஸ் சனிக்கிழமை கப்பலேறுகிறான். கடலுக்கடியில் கேபிள் பதிக்கும் கப்பல், ஏப்ரலில்தான் கரை.

"நாப்பது மைல் போக, நாப்பது மைல் வர. அவ்வளவுதான் நான் கேக்கிறது," என்றான் இன்று.

மதியம் அவனோடு காரை வெளியே எடுத்தேன். கொட்டகையின் பின்னால் பண்ணைக்காரர் சர்க்கரைப் பீட்ரூட் குவிக்கும் கான்கிரீட் தளம் இருக்கிறது. அறுவடை வந்து சேரும்வரை எங்களுக்கு விட்டிருக்கிறார். மூட்டைகளை இறக்கிவிட்டு ரூஃபஸ் உட்கார்ந்தான்; பக்கத்து இருக்கையில் நான்.

"அந்த மூட்டை என்னைவிட நிமிர்ந்து உக்காந்திருந்துச்சு, இல்ல?"

"அது என்னைக் கேள்வியும் கேக்கல."

மெதுவாக ஒரு வளைவு எடுத்து ஸ்டீயரிங்கை விட்டான். அது தானாக நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். சோதனையில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். திரும்பவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. கார் அதே வளைவில் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் கையும் ஸ்டீயரிங்கில் இல்லை. பனிக்குள் கொட்டகை வந்தது, போனது, மறுபடி வந்தது. தூரத்துச் சர்க்கரை ஆலையின் வாசனை எங்களோடு சேர்ந்து சுற்றியது. நான்காவது சுற்றில் இருவரும் சிரித்துவிட்டோம். இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

ரூஃபஸ் பிரேக்கை அழுத்தினான். "வெள்ளிக்கிழமை இது தேறாது, ப்ரை," என்றான் என்னைப் பார்த்து.

"இப்படி இருந்தா ரோட்டுல எடுக்கவே விடமாட்டேன். ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போகணும்."

"ட்ரெய்லர்ல ஏறிப் போறதுக்கா மூணு வருஷம் கட்டினோம்?"

மறுபடி நரம்பு கட்டி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒன்றரை. என் நரம்பில்தான் பிழை இருக்கும் என்று இன்னும் தோன்றுகிறது.

மாலை வகுப்பில் கிளெனிஸிடம் கேட்டேன். அவள் பகலில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பட்டறை வகுப்பில் எனக்கு அடுத்த மேசை.

"என் பஸ்ஸுக்கு நேராப் போகணும்னு தெரியும்டி. உன் காருக்கு யாராவது சொன்னீங்களா?"

"விளையாடாத. நரம்பு கோணலா இருக்குமோ?"

"டீக்குச் சர்க்கரை போடவே தராசு வைக்கிறவ நீ. உன் நரம்பு கோணவே கோணாது. வேற எதையாவது சந்தேகப்படு."

வேறு எதை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது.

அக்டோபர் 15, புதன்

தவறு நரம்பில் இல்லை. என்னுடையதுதான், மூன்று வருடம் பழையது.

காலையில் வேலையில் தெரிந்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுவது என் வேலை. ஒரு ஃபிரேம் மேசையில் என்னைப் பார்த்தபடி இருந்தது, ஆள் இல்லாத முகம்போல. அதன் வலது கண்ணுக்கான லென்ஸை எடுத்தேன். கை தானாக என் இடதுபுறம் போனது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்வது இது. எதிரே இருப்பவரின் வலது எப்போதும் என் இடது. இன்று கை அங்கேயே நின்றுவிட்டது. லென்ஸ் வழியாக ஜன்னல் ஒரு சிறிய தலைகீழ் வெளிச்சமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொட்டகையை நினைத்தேன்.

இங்கே காரின் பக்கங்களை யாரும் இடம், வலம் என்பதில்லை. நடைபாதையை ஒட்டி வருவது அருகுப் பக்கம், மற்றது அப்பாற்பக்கம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அருகுப் பக்கம் இடது கை. பெட்டிகள் வந்த குளிர்காலத்தில் உதிரிகளுக்குக் காகித நாடா ஒட்டிப் பெயர் எழுதியவள் நான். அன்று காரின் வெற்றுச் சட்டகத்தின் முன்னால், அதைப் பார்த்தபடி நின்றேன். என் இடது கைப்பக்கம் இருந்த மேல் ஆர்முக்கு 'அருகு' என்று எழுதினேன். காருக்கு அது அப்பாற்பக்கம்.

சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களில் மேலே உள்ள இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. சரியான பக்கத்தில் மாட்டினால் சக்கரம் திரும்பும் அச்சு மேலே கொஞ்சம் பின்னுக்குச் சாயும், சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்வதுபோல. கையை விட்டு சைக்கிள் ஓட்ட முடிவது அந்தச் சாய்வால்தான். பக்கம் மாறினால் முன்னுக்குச் சாயும். எங்களுடையது முன்னுக்குச் சாய்ந்திருக்கிறது.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை.

"ரூஃபஸ், தப்பு என்னோடது."

"எது?"

"மேல் ஆர்ம் ரெண்டும். பக்கம் மாத்தி எழுதியிருக்கேன்."

அவன் மண்டியிட்டு ஒரு சக்கரத்தை மேலிருந்து பார்த்தான். எழுந்து போய் மற்றதையும் பார்த்தான். நாடாவில் என் கையெழுத்து இன்னும் தெளிவாக இருந்தது.

"மாட்டினதுலேருந்து ரெண்டு வருஷமா இது மேல கை வெச்சுத்தான் குனிஞ்சு நிமிர்றேன். ஒரு தடவைகூடத் தோணல."

"நீ ஏன் பாக்கல?"

"நீ எழுதினது, ப்ரை. நீ எழுதினத எவன் திருப்பிப் பாப்பான்?"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் எதையும் மூன்று முறை பார்ப்பேன். ஆனால் நான்காவதாக இன்னொருவர் பார்க்கிறார் என்ற தைரியத்தில்தான் தூங்குகிறேன். யாரும் பார்க்கவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

"அழுது முடிச்சியா? பதினேழாம் ஸ்பேனரை எடு."

"அழல."

"அப்ப மூக்கு?"

"குளிரு."

சக்கரங்களைக் கழற்றி, ஆர்ம்களைக் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினோம். அருகுப் பக்கத்தில் ஒரு போல்ட் மட்டும் அரைமணி நேரம் அடம்பிடித்தது. இருட்டுவதற்குள் முடிந்தது. மூன்று நாள் அளந்ததெல்லாம் வீண். அச்சு மாறினால் எல்லா அளவும் மாறும். வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஏழு மணிக்கு மூட்டைகள் மறுபடி இருக்கையில். நரம்பு மறுபடி. சக்கரத்தோடு சேரும் ஸ்டீயரிங் தண்டுகளை இருபுறமும் ஒரே அளவு, ஒன்றேமுக்கால் சுற்று திருகினேன். ஒன்றரை மில்லிமீட்டர் வந்தது. பிறகு டேப்பை ரூஃபஸிடம் கொடுத்தேன்.

"என்னத்துக்கு?"

"நீயும் அள. நான் என்ன எழுதினேன்னு சொல்லமாட்டேன்."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் அளந்தான். "ஒண்ணரை. இல்ல, ஒண்ணரைக்கு ஒரு மயிரிழை கம்மி."

மயிரிழையையும் எழுதிக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தளத்துக்குப் போனோம். வெயில் வந்தும் பனி விலகவில்லை. வெளிச்சமே பனியாக இருந்தது. மேலே காட்டு வாத்துகள் கூப்பிட்டுக்கொண்டு போயின. வரிசை தெரியவில்லை, குரல் மட்டும் தெற்கே நகர்ந்தது. இன்று நான் ஓட்டினேன். வளைவு எடுத்தேன், கையை விட்டேன்.

ஸ்டீயரிங் ஒரு கணம் யோசித்தது. பிறகு தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல மெல்ல, தானாக, நடுவுக்கு வந்தது. கார் நிமிர்ந்து நேராகப் போயிற்று. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

தளத்தின் முடிவில் ரூஃபஸ் சொன்னான்: "இன்னொரு தடவை."

இடப்பக்கம் ஆறு தடவை, வலப்பக்கம் ஆறு தடவை. பன்னிரண்டிலும் திரும்பியது. முன்பே சொல்லிவைத்திருந்த ட்ரெய்லர்க்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன்.

"போறப்ப நான் ஓட்டறேன், வர்றப்ப நீ," என்றான் ரூஃபஸ்.

"ஃபெயில் ஆயிட்டா?"

"அப்பவும் வீட்டுக்கு வரத்தானே வேணும்? அந்த நாப்பது மைலை யாரும் பிடுங்க முடியாது."

அது உண்மையா என்று விதிப்புத்தகத்தில் பார்த்தேன். உண்மைதான்.

நாளை: ஐந்தரைக்கு எழ வேண்டும். டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே நான்கிலும் காற்றை அளக்க வேண்டும். ஆறேகாலுக்குப் புறப்பட வேண்டும்.