அத்தையின் கடைவாய்ப் பல்

என்னிடம் என்ன குறை என்று என் மாமியாரைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார். நான் துணி உலர்த்தும் விதம், கதவைச் சாத்தும் விதம், சிரிக்கும்போது வாயைத் திறக்கும் அளவு, ஒன்றும் அவருக்குச் சரிப்படாது. மனதுக்குள் அவருக்கு மேலதிகாரி என்று பெயர் வைத்திருக்கிறேன். வெளியே வாய் நிறைய அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை. விழும் என்று காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஏக்கம் இப்போது இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு டாக்டர், வாசலில் செருப்பு வைக்க இடம் போதாத அளவுக்குக் கூட்டம். டாக்டர் அதிகம் பேச மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். ஊசி போட்ட பிறகு வாய் மரத்துப்போகும்வரை உதவியாளர் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பயத்தைப் போக்கத்தான் என்று புதிதில் நினைத்தேன். அதற்காக இல்லை. மயக்கம் வருகிறவரோ, மருந்து ஒத்துக்கொள்ளாதவரோ, யாராக இருந்தாலும் சாய்வதற்கு முன்னால் ஆளிடம் ஒரு மாற்றம் தெரியும், பேசிக்கொண்டே இருந்தால் அது கண்ணில் படும் என்பது அவர் கட்சி. கூட்டம் ஓய்ந்த நேரத்தில் எங்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். முகம் வெளுத்தால் என்ன செய்வாய், உதடு வீங்கினால் எதை எடுப்பாய் என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அத்தைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, மருந்து சாப்பிட்டு வற்றியிருந்தது. பல்லைப் பிடுங்க வேண்டும். ஊரில் இருக்கிற எல்லாப் பல் டாக்டரிடமும் போவேன், இவள் வேலை பார்க்கிற இடத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்றார். என் கணவர் அன்றைக்கு என்னவோ அதிசயமாக அம்மாவிடம் குரலை உயர்த்தினார். அதனால் வந்தார்.

மருத்துவமனையைத் திறக்க நான் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். பிறகு கணவர் அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அத்தையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உட்கார்ந்ததுமே திரைச்சீலையில் கறை இருப்பதைக் கண்டுபிடித்தார். சர்க்கரை நோய் உண்டா என்று டாக்டர் விசாரித்தார். உண்டு, காலை மாத்திரையும் போட்டாயிற்று என்றார் அத்தை. சாப்பிட்டீர்களா என்றதற்கு, எல்லாம் ஆயிற்று என்று வெட்டிவிட்டார். மாத்திரை விஷயத்தில் அவர் கடிகாரம் மாதிரி, வெறும் வயிற்றில் போட்டிருக்க மாட்டார் என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஊசி போட்டதும் டாக்டர் பக்கத்து நாற்காலிக்குப் போனார். நான் பேச்சுக் கொடுத்தேன். விளக்கு கண்ணைக் கூசுகிறது, நாற்காலி வழுக்குகிறது, இந்தத் தொப்பியில் நான் சகிக்கவில்லை என்று அத்தை முறையாகத் தொடங்கினார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகு பேச்சு மெதுவானது. நாக்குக் குழறியது. வாய் மரத்தால் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும், வாயோரம் எச்சில்கூட வழியும். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ஊசியைப் பார்த்தால் வீராதி வீரர்களுக்கே வியர்க்கும் என்று நான் துடைத்துவிட்டேன்.

துடைத்த கையை அத்தை பிடித்துக்கொண்டார்.

"உன் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு" என்றார். "நீ வந்தப்புறம்தான் அது வீடா இருக்கு. உங்கிட்ட நான் சொன்னதே இல்ல."

இதைக் கேட்கத்தானே நான் அந்த வீட்டில் தலைகீழாக நின்று பார்த்தேன். இன்னும் ஒரு வாக்கியம் பேசட்டும் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தேன். அப்போதுதான் அவர் விரல்கள் என் கைக்குள் நடுங்குவது தெரிந்தது. பனியில் கிடந்த துணி போல ஈரமாகச் சில்லென்று இருந்தன. மரத்துப்போனால் நாக்குக் குழறும், குணம் மாறாது. இது அத்தை இல்லை.

டாக்டர் குறடோடு வந்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார்.

"டாக்டர், இவங்க சரியில்ல" என்றேன்.

மரத்துப்போனதில் வருகிற குழறல்தானே என்றார் அவர். அது இல்லை என்றேன். என்ன மாற்றம் என்று கேட்டார்.

"என்னைப் பாராட்டறாங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. குறடைத் தட்டில் வைத்துவிட்டு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். என்னைக் காட்டி, இது யார் என்று அத்தையிடம் கேட்டார்.

"எம் பொண்ணு" என்றார் அத்தை. அவருக்குப் பெண் குழந்தையே கிடையாது.

நான் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. டாக்டர் நாற்காலியை நிமிர்த்தினார். ஆள் விழித்திருக்கும்போதே இனிப்பைக் கொடுத்துவிட வேண்டும், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. எனக்குத் தெரிந்ததுதான். குளுக்கோஸ் பொட்டலத்தைக் கிழித்தேன். தண்ணீரில் கரைத்து, மரக்காத பக்கமாக, ஒவ்வொரு வாயாக முழுங்கச் சொல்லிக் கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. இன்னொரு பொட்டலம் கரைத்தேன். கண் செருகும் போதெல்லாம் அத்தை, அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வேண்டாம், இந்தப் பொம்பளை என்னைத் திட்டினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது. கண் ஒரு நிலைக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தார். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு டம்ளரக் கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? ரவிக்கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு."

நான் அழுதேவிட்டேன். எதற்கு இந்த அழுகை என்று அதற்கும் திட்டு விழுந்தது.

மறுபடி பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. அன்றைக்குப் பல் பிடுங்க வேண்டாம் என்றார் டாக்டர். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று திரும்பவும் விசாரித்தார். அத்தை கூரையைப் பார்த்தார். முந்தின நாள் இரவு என்று ஒப்புக்கொண்டார். மருமகள் வேலை செய்கிற இடத்தில் பல்லிடுக்கில் சோறு ஒட்டியிருந்தால் அவளுக்கு அல்லவா கேவலம், அதனால் பல்லை மட்டும் மூன்று தடவை தேய்த்துவிட்டு வந்தாராம். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார்.

அவர் போட்ட மாத்திரைக்குச் சர்க்கரை திரும்ப இறங்கக்கூடும். அத்தைக்குச் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவரோடு தொலைபேசியில் பேசிய டாக்டர், நேரே அவரிடம் கூட்டிப் போகச் சொன்னார். கணவர் வரும்வரை என் பொறுப்பு. காத்திருப்போர் அறையில் அவரை உட்கார வைத்து, பிஸ்கட்டைப் பாலில் நனைத்து மரக்காத பக்கமாக ஊட்டினேன். பால் ஆறிவிட்டது என்றார். ஆமாம் என்றேன். டாக்டர் எட்டிப் பார்த்தபோது அத்தை அவரை நிறுத்தி, சர்க்கரை இறங்கினால் மனுஷர்கள் மனதில் இல்லாததையெல்லாம் பேசுவார்களா என்று கேட்டார். சிலர் உளறுவார்கள், சிலருக்கு உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும், எது எது என்று மிஷின் காட்டாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அத்தை வெகுநேரம் பிஸ்கட்டை மென்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் உளறலன்னு வெச்சுக்க. அதுக்காகத் திரும்பச் சொல்லச் சொல்லாத."

சர்க்கரை மறுபடி இறங்கிவிட்டதோ! எழுந்து ஓடிப் போய்க் கருவியை எடுத்துவந்து அவர் விரலைப் பிடித்தேன். குத்திக்குத்திச் சல்லடையாக்கு என்று முணுமுணுத்தபடி நீட்டினார்.

நூற்றுப் பதினெட்டு. எந்தக் குறையும் இல்லாத சர்க்கரை. நான் அவர் கையை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.