இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

பேராசிரியருக்குத் துறையில் பெயர் 'கடல்'. மேடை ஏறும்போதெல்லாம் யாராவது அவரை அறிவுக் கடல் என்று சொல்லிவிடுவார்கள். மாணவர்கள் முதல் சொல்லை உதிர்த்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். குடிக்க ஒரு வாய் தேறாது என்பதால் பெயர் பொருத்தமாகவும் இருந்தது.

இஸ்லாமியச் சட்டவியல் துறைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்தான் தலைவர். அவருடைய புகழ் முழுவதும் ஒரே ஒரு கண்டுபிடிப்பின் தலையில் உட்கார்ந்திருந்தது. விவாகரத்தான தாய் வெளியே வேலைக்குப் போனால் பிள்ளையை வளர்க்கும் உரிமையை இழக்கிறாள் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய சட்ட அறிஞர் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறாராம். மூன்றாம் தொகுதி, பக்கம் இருநூற்றுப் பதிமூன்று. இந்த ஒரு வரியால் கடலுக்கு ஒன்பது கேடயங்கள், நான்கு வெளிநாட்டுப் பயணங்கள், அறையில் ஒரு சுழல் நாற்காலி.

அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரி வீட்டுக்குள்ளேயே வந்து சம்மணம் போட்டது. அவள் அக்கா மருத்துவமனையில் நர்ஸ். விவாகரத்தாகி இரண்டு வருடம். ஆறு வயதில் ஒரு மகள். குடும்ப சமரசக் குழு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டது: தாய் வேலைக்குச் செல்வதால், வரும் திங்கட்கிழமை பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். ஆதாரம்: கடலின் நூல்.

"உன் சார்தானேடி எழுதியிருக்காரு? நிஜமாவே அப்படித்தான் இருக்கா?" என்று அக்கா கேட்டாள். அழவில்லை. மருந்துச் சீட்டில் அளவு சரியா என்று கேட்கிற குரல்.

ஐந்து வருடமாக இவளும் கடலைத்தான் மேற்கோள் காட்டியிருந்தாள். மூல நூலைத் திறந்ததில்லை. அந்த வெட்கத்தோடு நூலகத்துக்கு ஓடினாள்.

நூலகர் மூன்றாம் தொகுதியைத் தூசி தட்டி எடுத்தார். பழைய அச்சு, பல தாள்களின் ஓரம் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. "கத்தி வேணுமாம்மா? வாங்கின நாள்ல இருந்து இது கன்னி கழியல" என்றார்.

வெட்டினாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

பழைய சட்ட நூல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி என்ன சொல்லக்கூடும் என்பதை ஆசிரியரே அவனுக்கு வக்கீலாக நின்று, அவனைவிட நன்றாக வாதாடி எழுதுவார். பிறகு "நாம் சொல்கிறோம்" என்று தொடங்கி அதைத் தவிடுபொடியாக்குவார். முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த சங்கதி. பக்கம் 212-இன் கடைசி வரி: "யாரேனும் இப்படிச் சொன்னால்." பக்கம் 213 முழுக்க அந்த யாரோ பேசுகிறான். பக்கம் 214-இன் முதல் வரி: "நாம் சொல்கிறோம்: இது தவறு. வேலை நேரத்தில் நம்பகமான ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தாயின் உரிமை போகாது."

கடலின் அறைக்குத் தொகுதியோடு போனாள்.

"சார், இது எதிராளியோட வாதம். ஆசிரியரே மறுத்திருக்கார்."

"எங்க?"

"அடுத்த பக்கத்துல."

"அந்தப் பக்கம் என்கிட்ட இல்லையேம்மா" என்றார், குடை கொண்டு வரவில்லை என்பதுபோல. முப்பது வருடத்துக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாராம்.

"புத்தகம் கீழ் மாடியிலதான் சார் இருக்கு."

"எனக்கு மூட்டு வலி."

"சமரசக் குழுவுக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்க சார். எங்க அக்கா பிள்ளை..."

"பாத்தியா! சொந்தக் கதையை உள்ள கொண்டு வர்றே. ஆய்வுக்குப் பற்றில்லாத மனசு வேணும்." நாற்காலி அரை வட்டம் சுழன்று நின்றது. "வியாழக்கிழமை உனக்கு வைவா. கையெழுத்து என்னுது. அடிக்குறிப்புல 'மாற்றுக் கருத்தும் உண்டு'ன்னு போட்டுக்கோ. போதும்."

நூலை எழுதிய மனிதரின் சொந்தக் கருத்து, அவருடைய நூலிலேயே மாற்றுக் கருத்தாகிவிட்டது! அவள் வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. நீண்ட மேசை, பிஸ்கட் தட்டுகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இருபது நிமிடம் கடலைப் புகழ்ந்தார். ஆய்வேட்டைப் புரட்டிய அடையாளம் எதுவும் இல்லை. சிறப்பு விருந்தினர் சமரசக் குழுச் செயலாளர், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர். கடைசி வரிசையில் சீருடையில் அக்கா. இரண்டு மணிக்கு ஷிப்ட்.

தேர்வாளர் கனிவோடு கேட்டார். "உங்க நெறியாளரோட தலையாய பங்களிப்பு என்னன்னு சொல்லுங்க."

பட்டம் அந்தப் பதிலில் இருந்தது. அக்கா பிள்ளையும் அதில்தான் இருந்தது. அவள் பையிலிருந்து தொகுதியை எடுத்து, மூன்று பக்கங்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்; மூலத்தை ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. கடல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இரண்டு நிலைப்பாடுகளுமே ஆய்வுக்குரியவை" என்றார் தேர்வாளர். கடலை மேற்கோள் காட்டி அவரே மூன்று கட்டுரை எழுதியிருந்தார்.

பொது வைவாவில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். நான் இந்தப் படிப்பெல்லாம் படிக்காதவ, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க இருக்கிறவங்கள்ல இந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவங்க யாரு?"

ஆளாளுக்குத் தங்கள் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள்.

செயலாளர் மட்டும் எழுந்து வந்தார். ஆயுள் முழுக்கப் பத்திரங்களோடு குப்பை கொட்டிய மனிதர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளின் முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார். "பத்திரத்துல பாதி மட்டும் காட்டினா அதுக்கு எங்க ஆபீஸ்ல வேற பேரு" என்று முணுமுணுத்தார். பிறகு அக்காவிடம், "திங்கட்கிழமை உத்தரவை நிறுத்தி வைக்கிறேம்மா. சாயங்காலம் எழுத்துல தர்றேன்" என்றார். அதில் நியாயம் பாதி, நாளைக்குத் தன் பெயர் நாறுமே என்ற பயம் பாதி. எதுவாயிருந்தால் என்ன.

தேர்வாளரும் கடலும் மூலையில் ஐந்து நிமிடம் கிசுகிசுத்தார்கள். முடிவு அறிவிக்கப்பட்டது: ஆய்வேட்டில் முதிர்ச்சி போதவில்லை, ஓராண்டு கழித்து மீண்டும் சமர்ப்பிக்கலாம்.

தாழ்வாரத்தில் கடல் பின்னாலேயே வந்தார். மூட்டு வலியைக் காணோம். "நீ நல்லா பேசினேம்மா. அருமையான கண்டுபிடிப்பு! நாம ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரையா போட்டுடலாம். என் பேரு முதல்ல."

கை நீட்டினார். சோற்றில் கிடந்த பல்லியைப் பார்ப்பதுபோல அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எனக்கு நேரமாச்சுடி" என்றாள் அக்கா, படியில் இறங்கிக்கொண்டே. "பஸ் போயிடும். மூணு மணிக்கு ஸ்கூல் விடும். நீ போறியா?"

"நான் போறேன். நீ கிளம்பு."

"வேணும்னா உன் பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொல்றேன்!" என்று கடல் பின்னால் இரைந்தது. அவள் பள்ளிக்கூடத்தை நோக்கி எட்டி நடை போட்டாள்.