அரை டம்ளர் பால்

கடைசியாகச் சாப்பிட்டுப் பதினொரு மணி நேரம் ஆகிறது என்று இராஜம்மா தாதி நூர்ஜஹானிடம் சொன்னாள். நேற்றிரவு ஒன்பது மணிக்கு இரண்டு இடியப்பம், அவ்வளவுதான். கட்டிலுக்கு அருகே நின்ற மகள் விஷ்ணுப்ரியா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. கோயிலில் தந்தது அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஆனால் விஷ்ணுப்ரியா உயிரியல் படித்தவள்.

விடியுமுன் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்குப் போய், அம்மா பெயரில் அர்ச்சனை செய்து, அபிஷேகப் பால் அரை டம்ளர் வாங்கி வந்தது அவள்தான். விபூதியைப் பூசிவிட்டுப் பாலைச் சாமி மேடையில் வைத்துவிடலாம் என்றிருந்தாள். அம்மா கையை நீட்டினாள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களே என்று இவள் முனகினாள்.

"சாமி பாலுடி. அது என்னடி செய்யும்?"

நீட்டிய கையில் டம்ளரை வைத்தாள். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்போது மணி ஆறு.

கிள்ளான் மருத்துவமனைக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிட நினைத்தாள். காரை ஓட்டியது அண்ணன் குகன். இதற்காகவே ஜொகூரிலிருந்து வந்தவன். போன மாதம் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிப்போய் அறுவை சிகிச்சை தள்ளிப்போனதை இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவையும் கேன்சல் ஆனால் தனக்கு லீவு கிடையாது லா என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். எண்ணெய்ப் பண்டம் எதைத் தொட்டாலும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அம்மா துடித்த துடிப்பும் விஷ்ணுப்ரியாவின் கண்ணில் நின்றது. வாய் திறக்கவில்லை.

தொப்புளுக்குள் ஒரே ஒரு சின்ன வெட்டு. கேமராவும் கருவிகளும் அதன் வழியே போகும். கல்லோடு பித்தப்பையை அதன் வழியே எடுத்துவிடலாம், தழும்புகூட வெளியே தெரியாது என்று டாக்டர் விளக்கியிருந்தார். அன்றிலிருந்து அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். பிறக்கும்போது கொடியை அறுத்த இடத்தில் இப்போது கல்லை எடுக்கப் போகிறார்களாம்.

ஓட்டை சின்னது என்பதால் காரியமும் சின்னது என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். மயக்கம் சின்னதில்லை என்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியும். தொண்டையும் அதில் தூங்கிவிடும். வயிற்றில் திரிந்து கிடக்கும் பால் மேலே வந்தால் தடுக்க ஆளில்லை. நேரே நுரையீரலுக்குள் போகும்.

அம்மா படுத்திருந்த தள்ளுவண்டி கிளம்பியது. அறுவை அறையின் கதவருகே நூர்ஜஹான் மறுபடியும் கேட்டாள்.

"ஆன்டி, காலையில வேற எதுவும் வாய்ல போடலையே?"

"பச்சத் தண்ணி பல்லுல படல" என்றாள் அம்மா. நெற்றியில் விபூதி இன்னும் அழியவில்லை. மகளைப் பார்த்து, போய் ஏதாவது சாப்பிடு, முகம் வாடிக் கிடக்கிறது என்றாள்.

கதவு திறந்தது. விஷ்ணுப்ரியா வண்டியின் கம்பியைப் பிடித்தாள். கையை எடுக்கும்படி நூர்ஜஹான் மெல்லச் சொன்னாள். குகன் என்ன என்பதுபோல் திரும்பினான். விஷ்ணுப்ரியா நூர்ஜஹான் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அம்மா ஆறு மணிக்குப் பால் குடிச்சாங்க. அரை டம்ளர். நான்தான் கொடுத்தேன்."