ஒரே மூலையில் இரண்டு மாப்பிள்ளைகள்

குச்சியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தான். என் கணவர் அதற்குள் துப்பாக்கியால் குறி பார்த்துவிட்டார்.

"யாருன்னு தெரியுதா?"

தெரியாமலா? அந்த நடை என் தங்கை புருஷன் பெர்னாபேயுடையது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்து தடம் காட்டுகிறவன். போன வசந்தத்தில் நாங்கள் ஒளிந்திருந்த ஊற்றுக்குச் சிப்பாய்களைக் கூட்டி வந்ததும் அவன்தான். கல்யாணமான புதிதில் அந்த ஊற்றை அவனுக்குக் காட்டியவரே என் கணவர். அன்று எங்கள் மகன் போனான். போனவர்கள் பேரை நாங்கள் உச்சரிப்பதில்லை. சொல்ல முடியாத அந்தப் பேர் எங்கள் இருவர் தொண்டையிலும் முள்ளாகக் கிடந்தது.

"பக்கத்துல வரட்டும். சாகும்போது அவன் என்னைப் பார்க்கணும்."

"என்னையும்" என்றேன்.

தகப்பனை மெக்சிகோ பட்டாளம் கொன்ற நாளில் துப்பாக்கி எடுத்தவர் அவர். எல்லைக்கு இருபுறமும் இரண்டு படைகளுக்குத் தண்ணி காட்டினார். இப்போது எங்களோடு மிஞ்சியது ஒரு கைப்பிடி ஜனம். கடைசிக் கோவேறு கழுதையையும் தின்றாயிற்று.

பெர்னாபே கல்லெறி தூரத்தில் நின்றான். "சுட்டுடாதே சகலை! உன் பொண்ணும் மாமியாரும் அவங்க கையில இருக்காங்க. இறங்கி வந்தா எல்லாரையும் சேர்த்துக் கிழக்கே ரயில்ல அனுப்புவாங்களாம்."

"மாமியாரைப் பார்த்தியா? மாப்பிள்ளை அந்த முகத்தைப் பார்க்கலாமா? அந்த வெட்கமும் போச்சா?"

"சத்தியமா இல்ல! முக்காடு போட்டுக்கிட்டுதான் போனேன்."

"நல்ல மாப்பிள்ளை! சிப்பாயைக் கூட்டிட்டு ஊத்துக்கு வந்தப்ப எந்த முக்காடு போட்டிருந்தே?"

விரல் விசைக்குப் போனது. அப்போதுதான் பெர்னாபே அதைச் செய்தான்.

"ஹஷ்கேயில்! பேர் சொல்லிக் கேக்குறேன். இறங்கி வா."

நாங்கள் யாரையும் முகத்துக்கு நேரே பேர் சொல்லி அழைப்பதில்லை. அழைத்து ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுக்கவும் முடியாது. என் கணவரின் முகம் கறுத்தது. விரலை எடுத்தார்.

கீழே, அதிகாரியின் காலடியில் துப்பாக்கியை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "கத்தி?"

"பாவாடை மடிப்புல."

ரயிலடியில் எங்களை வழியனுப்ப பெர்னாபே பட்டாளச் சட்டையோடு வந்து நின்றான். அதிகாரி கைகாட்டினார். இரண்டு சிப்பாய்கள் அவன் துப்பாக்கியையும் இடுப்புவாரையும் பிடுங்கிக்கொண்டு, அவனையும் எங்கள் பெட்டிக்குள் தள்ளினார்கள்.

"நான் உங்க ஆளுய்யா!" என்று கத்தினான். கதவு மூடியது. ஜன்னல்களில் ஆணி அடித்திருந்தார்கள்.

பெட்டியின் ஒரு கோடியில் அம்மா என் மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் முகத்தை மாப்பிள்ளை பார்க்கக் கூடாதே! என் கணவரும் பெர்னாபேயும் போர்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு எதிர்க்கோடிக்கு ஓடினார்கள். ஒளிய அங்கே ஒரு மூலைதான் இருந்தது. முட்டியோடு முட்டி இடிக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

அம்மா என்னிடம் உரக்கச் சொன்னாள். "என் மாப்பிள்ளைங்க இவ்வளவு ஒத்துமையா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லடி!"

பெட்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மடிப்பைப் பிரித்து, போர்வைக்கடியில் கணவரின் கையில் கத்தியைத் திணித்தேன்.

பெர்னாபே அதைப் பார்த்துவிட்டான். "குத்திடு சகலை. என்னையும் ஏமாத்திட்டானுங்க. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க நடுவுல எப்படி இருப்பேன்?"

என் கணவர் கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு பெட்டி முழுக்கக் கேட்கும்படி அழைத்தார்.

"பெர்னாபே!"

சிரிப்பு நின்றது.

"பேர் சொல்லிக் கேக்குறேன். நீ சாகக் கூடாது. குத்திக்கவும் கூடாது, குதிக்கவும் கூடாது. இந்த ஜனத்துக்கு நடுவுலயே இருந்து கிழவனாகு."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். பேர் சொல்லிக் கேட்டாயிற்று, மறுக்க முடியாது. போர்வைக்குள் அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

கத்தியை வாங்கி மடிப்பில் வைத்துத் தைத்தேன், அவசரமில்லாமல். அந்த அழுகை எனக்கு இதமாக இருந்தது.