மனை பார்க்கும் வண்டியில் பாஸ்கல்

பாஸ்கலுக்கு மனை புரோக்கர் டென்னிஸ் தர வேண்டியது நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். மீஞ்சூருக்கு அப்பால் அவன் விற்றுக்கொண்டிருந்த மனைகளில் ஒன்றை ஒன்பதரை லட்சத்துக்கு மேத்யூ தலையில் கட்ட உதவியதற்கான கமிஷன். நூற்றுக்கு ஐந்து என்று வாய்ப்பேச்சு.

மேத்யூவும் பாஸ்கலும் ராயபுரத்தில் ஒரே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். மூட்டையின் ஒரு முனையில் இவன் கை என்றால் மறுமுனையில் அவன் கை. மேத்யூ தன் மனைவி டோரதியின் செயினை விற்றுத்தான் முன்பணம் கட்டினான். கமிஷனைப் பற்றி பாஸ்கல் அவனிடம் மூச்சு விடவில்லை.

பத்திரம் பதிந்து மாதங்கள் ஓடின. கேட்கப் போகும்போதெல்லாம் டென்னிஸ் ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். நாகர்கோவில் பக்கத்து ஆள், பேச்சில் வெல்லம் வழியும். ஒருநாள் பெட்டி பிரிக்காத குக்கரை நீட்டினான்.

"கம்பெனி கிஃப்ட்டு அண்ணே. ஒங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

"குக்கர துன்ன முடியுமா நைனா? துட்ட எடு."

"ரொம்ப நெருக்காதீய. நீங்க கமிஷன் பேசினது மேத்யூ அண்ணனுக்குத் தெரியுமா?"

பாஸ்கல் அதற்கு மசியவில்லை. மறுவாரமும் போய்க் கேட்டான். அன்று சாயங்காலமே டென்னிஸ் மேத்யூவுக்குப் போன் போட்டுவிட்டான்.

மறுநாள் கிடங்கில் மேத்யூ வேறு ஒருவனோடு மூட்டை பிடித்தான்.

"மாமு, இன்னா அங்க நிக்கிற?"

"யாருக்கு யாருடா மாமு? என் பொண்டாட்டி செயின்ல பங்கு கேட்டவன்லாம் என்னாண்ட பேசாத."

பாஸ்கலுக்குச் சோறு இறங்கவில்லை. பணம் வராமல் போனால் போகட்டும். இருபது வருஷத் தோஸ்தை ஒரே போனில் பிரித்தானே, அவனைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று உள்ளுக்குள் எரிந்தான்.

முதலில், நில புரோக்கர்களுக்குப் பதிவு கொடுக்கும் ஆபீசுக்குப் போனான். அங்கிருந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். "அவரு பதிவு பண்ண ஏஜென்ட். நீங்க பண்ணலையே? பதிவில்லாம கமிஷனுக்கு ஆள் புடிச்சதே தப்புங்க. புகார் குடுத்தா ஒங்களையும்தான் கேப்பாங்க." பாஸ்கல் புகாரை விட்டுவிட்டு வெளியே வந்தான். சட்டப்படி அவனும் திருடன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் திருவொற்றியூர் தேரடிக்குப் போனான். மனை பார்க்க ஆட்களை இலவசமாகக் கூட்டிப்போகும் டென்னிஸின் வேன் நின்றுகொண்டிருந்தது. ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தான். வாடிக்கையாளர்கள் முன்னால் டென்னிஸ் என்ன செய்வான்? பல்லைக் காட்டினான்.

எண்ணூர் தாண்டுகையில் பாஸ்கல் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் திரும்பினான். அஜீசா என்று பேர் சொன்னாள்.

"உன்ன யாரும்மா இட்டாந்தது?"

"என் தம்பி தௌசீஃப்தான். தோ, முன்னால குந்திகினு கீறான்."

"தம்பிக்கு நூத்துக்கு அஞ்சு. சொன்னானா?"

"இன்னாது?"

"நீ மன வாங்குனா அவனுக்குக் கமிஷன். அந்தத் துட்டும் உன் வெலையிலதான் ஏறும். நானும் அப்டி ஒருத்தன இட்டாந்தவன்தான்மா."

அஜீசா எழுந்து நின்றாள். "தௌசீஃப்! அக்காவ வச்சியாடா வியாபாரம் பண்ற?"

தௌசீஃப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின் சீட்டில் ஒருவர், தன்னைக் கூட்டி வந்த சகலையை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் காலங்காத்தால டீ வாங்கிக் குட்த்தியா?" வேனே சிரித்தது, பிறகு வேனே கத்தியது. மனைக்குப் போய்ச் சேர்ந்தும் ஒருவரும் இறங்கவில்லை. கமிஷனைக் கழித்து விலை சொல் என்று டென்னிஸை வேனுக்குள்ளேயே சூழ்ந்துகொண்டார்கள். பாஸ்கல் மட்டும் இறங்கி, மனை பார்க்க வருகிறவர்களுக்கு டென்னிஸ் போடும் பிரியாணியை நிழலில் உட்கார்ந்து தின்றான். வெகுநாளைக்குப் பின் அன்றுதான் சோறு ருசித்தது.

அடுத்த ஞாயிறும் ஏறினான். அதற்கடுத்த ஞாயிறும் ஏறினான். வேனில் கூட்டம் பாதியாயிற்று. டென்னிஸ் அவனைத் தேரடி ஓரமாக இழுத்துப் போய்க் கவரை நீட்டினான்.

"முழு ரூவாயும் இருக்கு அண்ணே. பொழப்புல மண்ணள்ளிப் போடாதீய."

"என்னாண்ட குடுக்காத. மேத்யூ வூட்டுக்கு வா. இது இன்னா துட்டுன்னு உன் வாயால சொல்லி, டோரதி கையில குடு."

"எதுக்கு அண்ணே அந்த அசிங்கம்?"

"அந்த அசிங்கம்தான் எனக்கு வோணும்."

மேத்யூ வீட்டு வாசலில் நின்று டென்னிஸ் முணுமுணுத்தான்.

"காதுல வுழல. சத்தமா சொல்லு," என்றான் பாஸ்கல்.

பக்கத்து வீட்டு ஜனம் எட்டிப் பார்த்தது. டென்னிஸ் குரலை உயர்த்தினான். "ஒங்க மன வெலையில ஏத்துன கமிஷன் ரூவா. நாந்தான் ஏத்துனேன். திருப்பித் தாரேன்." அவன் காது மடல் வரை சிவந்துவிட்டது. பாஸ்கல் அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தான்.

டோரதி கவரை வாங்கிக்கொண்டாள். மேத்யூ பாஸ்கலைப் பார்த்தான், உள்ளே போனான். பாஸ்கல் கூப்பிடவில்லை.

"கணக்கு தீந்துதா அண்ணே?" என்றான் டென்னிஸ், தரையைப் பார்த்தபடி.

"உன் கணக்கு தீந்துது. போ."