கொடி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் சம்பந்தியம்மாக்கள் இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. இப்படி ஒரு ஒற்றுமையை எங்கும் பார்த்ததில்லை என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய அவஸ்தை என்பது பக்கத்தில் இருந்து பார்த்த பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தான் தெரியும்.

பெண்ணின் அம்மா பல் டாக்டர். மாப்பிள்ளையின் அம்மா நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சர்வேயர். இளையவர்கள் குடியிருந்தது ஐந்தாவது மாடியில். இரண்டு அம்மாக்களும் கீழே ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டால் போதும். லிப்ட் கதவு திறக்கும். "நீங்க ஏறுங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க முதல்ல." கதவு மூடிக்கொண்டு லிப்ட் காலியாக மேலே போய்விடும். மூன்றாவது தடவை திறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கையைப் பிடித்து உள்ளே இழுத்தால்தான் உண்டு. கூடத்து ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுக்கப் போனபோது, மற்றவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து யோசித்து இருவரும் துணியை நீட்டிக்கொண்டே இருந்ததில் கடையைச் சாத்திவிட்டார்கள். அந்த ஜன்னலில் இன்னும் செய்தித்தாள்தான் ஒட்டியிருந்தது.

கோல்ஃப் இருவருக்கும் தனித்தனியே வந்து சேர்ந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்ததில் டாக்டரம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நடங்கள் என்றார் எலும்பு டாக்டர். காரணமில்லாமல் நடக்க அவருக்கு வரவில்லை. ஒரு பந்தை அடித்துவிட்டு அதைத் தேடிப் போவதானால் சரி என்று பட்டது. சர்வேயரம்மாவுக்கோ, பரந்த நிலத்தைக் கண்டாலே கால் பரபரக்கும். ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர், கிழமைதான் வேறு. டாக்டரம்மாவுக்குச் செவ்வாய், சர்வேயரம்மாவுக்கு வியாழன்.

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. கிளப் வாசலில் 'உறவு ஜோடி' போட்டி என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், ஒன்பது குழி. இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பெண் யாரையும் கேட்காமல் அம்மா பெயரையும் மாமியார் பெயரையும் கொடுத்துவிட்டாள். கேட்டிருந்தால் "அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே கடைசித் தேதி தாண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஜோடிகள் கூடின. கிளப் செயலாளர் கழுத்தில் விசிலோடு வந்து, நடந்துகொள்ள வேண்டிய முறைகளை வாசித்தார். குழியைச் சுற்றி இருக்கும் மழமழவென்ற புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை ஓங்கி அடிப்பதில்லை. மெல்ல உருட்டிவிட வேண்டும். குழிக்குள் ஆளை விட உயரமாக ஒரு கொடிக்கம்பு நிற்கும், தூரத்திலிருந்து குழி எங்கே என்று தெரிவதற்காக. கிரீனில் இருந்து உருட்டும் பந்து கம்பில் பட்டால் முன்பெல்லாம் தண்டனை. இப்போது இல்லை.

"கம்பு இருக்கலாம், எடுக்கலாம். உங்க விருப்பம். ஆனா சட்டுனு முடிவு பண்ணுங்க. பின்னாடி ஆள் நிக்கும்" என்றார் செயலாளர்.

'உங்க விருப்பம்' என்றதைக் கேட்டதுமே பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

உண்மையில் இருவருக்கும் விருப்பம் திட்டவட்டமாக இருந்தது. டாக்டரம்மாவுக்குக் கம்பு ஆகாது. குழி என்றால் உள்ளே ஒன்றும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதில் எதையும் போட அவருக்கு மனசு வரும். சர்வேயரம்மாவுக்குக் கம்பு இல்லாமல் ஆகாது. எங்கோ ஓர் ஆள் சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, இந்தக் கோடியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தே காலம் தள்ளியவர். கம்பு நடாத இடம் அவர் கணக்கில் வெறும் காடு. பயிற்சியாளருக்கு வாய் சும்மா இருக்காது என்பதால், ஒருவர் விருப்பம் மற்றவருக்கு நன்றாகவே தெரியும். அங்கேதான் சிக்கல்.

முதல் குழி. பந்து எப்படியோ கிரீனுக்கு வந்து சேர்ந்தது. உருட்ட வேண்டியது டாக்டரம்மா. சர்வேயரம்மா கம்பின் பக்கத்தில் போய் நின்றார்.

"சம்பந்தி, கொடி இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"அடிக்கப் போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"நீங்க இவ்வளவு தூரம் நடந்து போய் நிக்கிறீங்க. நீங்களே சொல்லுங்க."

சர்வேயரம்மா கம்பை எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று டாக்டரம்மா கவனித்தார். "இருக்கட்டும் சம்பந்தி, அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மனசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினார். பந்து கம்பில் 'டணார்' என்று மோதி, ஒன்பதடி தள்ளிப் போய் நின்றது.

"அருமையான அடி" என்றார் சர்வேயரம்மா.

அடுத்த அடி அவருடையது. சம்பந்திக்குக் கம்பு பிடிக்காதே என்று அவரே அதைப் பிடுங்கி, புல்லில் தடம் விழாமல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல ஓரமாகக் கிடத்தினார். திரும்பிப் பார்த்தால் குழி எங்கே என்றே தெரியவில்லை. உத்தேசமாக ஒரு திசையில் உருட்டினார். பந்து குழியை விட்டு விலகி, கிரீனையும் தாண்டி, மணலில் இறங்கியது.

"கொஞ்சத்துல தப்பிடுச்சு" என்றார் டாக்டரம்மா.

இப்படியே போயிற்று. டாக்டரம்மா உருட்டும்போதெல்லாம் கம்பு இருந்தது. சர்வேயரம்மா உருட்டும்போதெல்லாம் கம்பு இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரண்டு நிமிட உபசாரம். ஐந்து குழி முடிவதற்குள் ஐம்பத்தெட்டு அடி ஆகியிருந்தது.

அவர்களுக்குப் பின்னால் வந்த ஜோடி டயர் கடை அண்ணன் தம்பி. இருவரும் விளையாடியதை விடத் திட்டிக்கொண்டதே அதிகம். "உனக்குக் கண்ணு இருக்கா, இல்ல ஓட்டையா?" என்பான் தம்பி. "பந்தை நீ தொடாம இருந்தாலே போதும்டா" என்பார் அண்ணன். ஆனால் ஒவ்வொரு குழியையும் நாலைந்தே அடியில் முடித்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்பார்கள். மூன்று குழியாகக் காத்திருந்தது தாங்காமல் அண்ணன் ஃபோன் போட, செயலாளர் பேட்டரி வண்டியில் வந்து இறங்கினார்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் விளையாடுறீங்களா, இல்ல விருந்து உபசாரம் பண்றீங்களா? கொஞ்சம் நடையை எட்டிப் போடுங்க."

இருவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. மூன்றாம் மனிதர் ஒருவரிடம் பேச்சு வாங்கும்படி சம்பந்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோமே என்று இருவருமே நினைத்தார்கள். ஆறாவது குழியில் எப்படியாவது சம்பந்தியைச் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று இருவருமே முடிவு செய்தார்கள்.

ஆறாவது குழி. டாக்டரம்மாவின் முறை. பந்துக்கும் குழிக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். வழக்கம்போலக் கம்பு உள்ளேயே நின்றது. அன்றைக்கு முதன்முறையாகப் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. நூல் பிடித்தாற்போலக் குழியைப் பார்த்து உருண்டு வந்தது. கம்பு நின்றாலும் பரவாயில்லை, தானாகவே உள்ளே விழுந்துவிடும் போலிருந்தது. டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் சர்வேயரம்மாவுக்குப் பாசம் பொங்கியது. சம்பந்திக்குச் சுத்தமான குழி பிடிக்குமே! இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். கம்பு இறுகியிருந்தது. குழிக்குள் பதித்திருந்த பிளாஸ்டிக் குவளையும் சேர்ந்து பாதி மேலே வந்து, தரைக்கு மேல் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. பந்து வந்து அந்த விளிம்பில் முட்டி, இரண்டடி பின்னால் உருண்டு போய்ப் படுத்துக்கொண்டது.

டாக்டரம்மாவின் கையிலிருந்த மட்டை நழுவி விழுந்தது.

"எதுக்கு எடுத்தீங்க?"

"உங்களுக்குக் கம்பு இருந்தா பிடிக்காதேன்னுதான்..."

"இப்பவா எடுக்கிறது? வாசல் வரைக்கும் வந்தவனைக் கதவைச் சாத்தி அனுப்பிட்டீங்களே! நான் எடுக்கச் சொன்னேனா?"

சர்வேயரம்மாவுக்கும் சுருக்கென்றது. "எங்க சொன்னீங்க? காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்றீங்க. உங்க வாய் மட்டும் திறக்கவே இல்லையே!"

"நீங்க திறந்தீங்களாக்கும்? கம்பில்லாம கண்ணு தெரியாம தடவிக்கிட்டு நின்னீங்களே, 'இருக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"தடவினேனா? முப்பத்திரண்டு வருஷம் ஒரு இஞ்ச் பிசகாம அளந்தவ நான்!"

"அளந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே. ஒன்பதடியில இருக்கிற குழியை விட்டுட்டு மணலுக்கு அனுப்பினீங்களே!"

"அது உன்னாலதான்!"

சொன்ன பிறகுதான் சர்வேயரம்மாவுக்குத் தன் காதில் விழுந்தது. சம்பந்தியை 'நீ' என்று சொல்லிவிட்டார். கொஞ்ச தூரத்தில் நின்ற டயர் கடைக்காரர்கள் கூடத் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தார். "என்னாலயா? சரி, நீன்னு ஆயிடுச்சுல்ல? நானும் கேக்கிறேன். எங்க வீட்டுக்கு முதல் நாள் வந்தப்ப, செருப்பைக் கூடக் கழட்டாம சுவரைப் பார்த்து 'கோணலா இருக்கு'ன்னு சொன்னியே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"கோணலாத்தானே இருக்கு! ஒண்ணரை இஞ்ச்!"

"எனக்குத் தெரியாதா? கட்டினவன்கிட்ட ரெண்டு வருஷம் சண்டை போட்டவ நான்!"

"அப்ப நீ மட்டும்? வரும்போதெல்லாம் ஆளுக்கொரு பல் பிரஷ் வாங்கிட்டு வர்றியே, எங்க குடும்பத்துக்கு வாய் நாறுதுன்னு சொல்லாம சொல்றியா?"

"கம்பெனிக்காரன் சும்மா குடுக்கிறான், கொண்டு வர்றேன்! அதுல இவ்வளவு அர்த்தமா?"

"அந்தத் திரைச்சீலை? பச்சை, பச்சைன்னு என் மூஞ்சியில நீட்டினியே. எனக்குப் பிடிச்சது நீலம்!"

"எனக்கும் நீலம்தான்!"

"அப்புறம் எதுக்குப் பச்சையை நீட்டின?"

"உனக்குப் பச்சை பிடிக்கும்னு உன் பையன் சொன்னான்!"

"அவனுக்கு என்ன தெரியும்? அவன் நிறக்குருடு!"

இருவருக்கும் மூச்சு வாங்கியது. திட்டுவதற்கு இன்னும் விஷயம் இருந்தது. ஆனால் வாய் உலர்ந்துவிட்டது. டயர் கடை அண்ணன் டாக்டரம்மாவைப் பார்த்து மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். யார் உருட்டுறாங்களோ அவங்க சொல்றதுதான். உங்க முறைக்கு எடுத்துடுங்க, அவங்க முறைக்கு வச்சுடுங்க. இதுல என்ன இருக்கு?"

"இவன் பேச்சைக் கேக்காதீங்க" என்றான் தம்பி. பிறகு யோசித்துவிட்டு, "ஆனா இது சரிதான்" என்றான்.

சம்பந்தியம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதத்தில் இது ஏன் தோன்றவில்லை என்று இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் குவளையைச் சரி செய்ய வேண்டும். சர்வேயரம்மா கம்பை மறுபடி இழுக்கப் போனார். டாக்டரம்மா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இழுக்காதே. இழுத்தா உடையும். தள்ளிக்கோ." மண்டியிட்டு உட்கார்ந்து, இடது கையால் குவளையை அழுத்திக்கொண்டு, வலது கையால் கம்பை முன்னும் பின்னும் ஆட்டினார், பிறகு அப்படியே மெல்லத் திருகினார். "கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ ஆச்சு" என்று பழக்கதோஷத்தில் குழியிடம் வேறு சொன்னார். கம்பு சத்தமில்லாமல் கழன்று வந்தது. டயர் கடைத் தம்பி தன்னையறியாமல் தாடையைத் தடவிக்கொண்டான்.

அப்புறம் சர்வேயரம்மா வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தார். ஒரு கண்ணை மூடினார். "இடது பக்கம் ஒரு நூல் உசரமா இருக்கு. அழுத்து. போதும், போதும். இப்ப மட்டம்." புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் தன் முறைக்குத் தயாரானார்.

"கொடி?" என்றார் டாக்டரம்மா.

"நடு."

டாக்டரம்மா கம்பை நட்டுவிட்டுத் தன் நிழல் குழியில் விழாமல் ஒதுங்கினார். சர்வேயரம்மா கம்பைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், உருட்டினார். 'டக்' என்று கம்பில் பட்டுப் பந்து உள்ளே விழுந்தது. அண்ணன் தம்பி இருவரும் விசிலடித்தார்கள்.

மீதி மூன்று குழிக்கும் சேர்த்து இருபது அடிதான் ஆயிற்று. "எடு!" என்ற சத்தமும் "நடு!" என்ற சத்தமும் மைதானத்தின் அடுத்த கோடி வரை கேட்டன. எட்டாவது குழியில் மட்டும் சர்வேயரம்மா அவசரத்தில் டாக்டரம்மாவின் மட்டையால் அடித்துவிட்டார். அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது. பத்து ஜோடிகளில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. பத்தாவது ஒரு கணவன் மனைவி. அவர்கள் நாலாவது குழியோடு ஆளுக்கொரு டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கிளப் வராந்தாவில் காத்திருந்த பெண்ணுக்கு ஆட்கள் கண்ணில் படுவதற்கு முன்பே குரல் காதில் விழுந்தது. பதறிப்போய்ப் புருஷனுக்கு ஃபோன் போட்டாள்.

"எங்கம்மா உங்கம்மாவை நீன்னு கூப்பிடறாங்க!"

"எங்கம்மா என்ன சொல்றாங்க?" என்றான் அவன்.

"அவங்களும் நீன்னுதான் சொல்றாங்க. எல்லாம் என்னாலதான். நான்தான் பேரைக் குடுத்தேன்."

"நான் உடனே கிளம்பி வரட்டுமா?"

பெண் எட்டிப் பார்த்தாள். இரண்டு அம்மாக்களும் செயலாளர் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். அடுத்த மாதப் போட்டிக்கான விண்ணப்பத் தாளின் ஒரு முனை டாக்டரம்மா கையில், மறுமுனை சர்வேயரம்மா கையில்.

"என்கிட்ட குடு, நான் எழுதறேன். டாக்டர் கையெழுத்து யாருக்குப் புரியும்?"

"நீ எழுதினா ஒரு பேரை எழுத ஒரு மணி நேரம் ஆகும். விடு!"

தாள் நட்டநடுவில் கிழிந்தது. செயலாளர் பெருமூச்சு விட்டுக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து, ஆளுக்கு ஒரு தாளாக எடுத்துக் கொடுத்தார்.